பஸ் ஓடாத நாளில் பள்ளிக்கூடம் உண்டா?

டிசம்பர் நடுப்பகுதியில் தொடங்கி மார்ச் விடுமுறை வரைக்கும், ஆரம்பப் பாடசாலைக்குப் போகும் பிள்ளை உள்ள வீட்டுக்கு அறிவித்தல்கள் வந்துகொண்டே இருக்கும். இன்று பஸ் ரத்து. ஸ்னோ பான்ட் மறக்க வேண்டாம். ரிப்போர்ட் கார்ட் வருகிறது. தடுப்பூசி விவரம் எங்களிடம் இல்லை. ஜே.கே. எனப்படும் ஜூனியர் கிண்டர்கார்ட்டின் பதிவு ஆரம்பம். வெள்ளிக்கிழமை பி.ஏ. டே, வகுப்பு இல்லை. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ப்ரன் என்று ரொறன்ரோவைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், இவற்றைப் படிப்பவர் ஒருவர், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர் இன்னொருவர். தாய் தகப்பன் இருவரும் விடியமுன்னமே வேலைக்குப் போய்விட, அம்மம்மாவோ அப்பப்பாவோதான் பேரப்பிள்ளையை வெளிக்கிடுத்துகிறார்கள். ஆங்கில மின்னஞ்சல் தாயின் கைத்தொலைபேசியில் கிடக்கிறது. முடிவெடுக்க வேண்டியவரோ வீட்டில் இருக்கிறார்.

அறிவித்தல்கள் அதிகம் என்பதனால் மட்டும் இந்தக் குழப்பம் வருவதில்லை. வெவ்வேறு இடங்களில் எடுக்கப்படும் முடிவுகள் எல்லாம் ஒரே பாடசாலையின் பெயரில் வந்து சேர்கின்றன. பஸ்ஸை நிறுத்துவது போக்குவரத்து அமைப்பு. கட்டடத்தை மூடுவது கல்விச்சபை. இடைவேளைக்குப் பிள்ளைகளை வெளியே விடுவதா என்று அன்றன்று பார்ப்பவர் அதிபர். தடுப்பூசிக் கடிதத்துக்குப் பொறுப்பு பொதுச் சுகாதாரப் பிரிவு. ரிப்போர்ட் கார்ட்டின் வடிவத்தையும் காலத்தையும் தீர்மானிப்பது மாகாணக் கல்வி அமைச்சு. எந்த முடிவு யாருடையது, அதில் பெற்றோரின் கையில் விடப்பட்டது எது என்று பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பஸ் ரத்து வேறு, பாடசாலை மூடல் வேறு

ரொறன்ரோவில் பொதுக் கல்விச்சபைக்கும் கத்தோலிக்கக் கல்விச்சபைக்கும் பஸ் ஒழுங்குகளைச் செய்வது ஒரே அமைப்புத்தான். யோர்க் பிராந்தியத்திலும் இரண்டு சபைகளுக்கும் பொதுவாக ஓர் அமைப்பு உண்டு. பனிப்புயலோ உறைமழையோ வரும் நாளில் இவர்கள் அதிகாலையிலேயே வீதிகளின் நிலையைப் பார்த்து, காலை ஆறு மணியளவில் முடிவை அறிவிக்கிறார்கள். பெரிய மஞ்சள் பஸ் ஒன்று சின்னத் தெருக்களுக்குள் பாதுகாப்பாக ஓடித் திரும்ப முடியுமா என்பதே அவர்கள் பார்க்கும் விஷயம். வகுப்பு நடக்குமா என்பதை அவர்கள் தீர்மானிப்பதில்லை.

ஆகவே பஸ் ரத்தாகும் பெரும்பாலான நாட்களில் பாடசாலை திறந்தே இருக்கும். நகரப் பகுதிகளில் ஏராளமான பிள்ளைகள் நடந்தோ பெற்றோரின் காரிலோ வருகிறவர்கள். பெற்றோர் பலர் அறிவித்தல் வருமுன்னரே வேலைக்குப் புறப்பட்டிருப்பார்கள். கதவைப் பூட்டிவிட்டால் தெரியாமல் வந்து வாசலில் நிற்கும் ஏழு வயதுப் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி எழும். அதனால்தான் கட்டடங்களை முழுவதுமாக மூடும் முடிவைக் கல்விச்சபைகள் மிக அரிதாகவே எடுக்கின்றன. ரொறன்ரோ மேயர் மெல் லாஸ்ட்மன் பனி அள்ள இராணுவத்தையே கூப்பிட்ட 1999 ஜனவரியில் அது நடந்தது. 2022 ஜனவரி 17ஆம் திகதியும் நடந்தது. கொரோனா அலைக்காக வீட்டில் இருந்த பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பவேண்டியிருந்த அதே திங்கட்கிழமை பனிப்புயல் வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. இப்படிப்பட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பஸ் ரத்தான நாளில் மூன்று விஷயங்களை நினைவில் வைத்திருக்க வேண்டும். முதலாவது, காலையில் ஓடாத பஸ் பின்னேரமும் ஓடாது. பத்து மணிக்கு வெயில் எறித்து வீதி காய்ந்துவிட்டாலும் இந்த விதி மாறாது. காலையில் காரில் கொண்டுபோய் விட்டவர்தான், அல்லது அவர் ஒழுங்கு செய்த ஒருவர்தான், பின்னேரம் போய்க் கூட்டிவர வேண்டும். இரண்டாவது, அன்று பிள்ளையை அனுப்புவதா விடுவதா என்பது பெற்றோரின் முடிவு. வீதி மோசம் என்று நீங்கள் நினைத்து வீட்டில் நிறுத்தினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. மூன்றாவது, நிறுத்தினாலும் பாடசாலைக்கு அறிவிக்கத்தான் வேண்டும். 'பஸ் இல்லை என்பது அவர்களுக்கே தெரியும்தானே' என்று விட்டுவிடக் கூடாது. ஒவ்வோர் ஆரம்பப் பாடசாலையும் வராத பிள்ளையைத் தேடிப் பெற்றோருக்கு அழைக்கும் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்று மாகாணக் கல்வி அமைச்சு 1999இல் பணித்தது. வீட்டிலிருந்து புறப்பட்டு வழியில் காணாமல்போன பிள்ளையா, வீட்டிலேயே நித்திரை கொள்ளும் பிள்ளையா என்று அலுவலகத்துக்குத் தெரியாது. நீங்கள் சொல்லாவிட்டால் அவர்கள் அவசரத் தொடர்பு எண்கள் எல்லாவற்றுக்கும் அழைப்பார்கள்.

பாடசாலைக் கட்டடத்துக்குள் நடக்கும் காலை, மாலைப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும். கட்டடம் மூடப்பட்டால் அதுவும் மூடப்படும். பஸ் மட்டும் ரத்தானால் என்ன செய்வார்கள் என்பதை அந்த நிலையத்திடமே முன்கூட்டிக் கேட்டு வைத்திருங்கள்.

பாடசாலை மூடப்பட்டு, வீட்டில் பார்ப்பதற்கு ஒருவரும் இல்லாவிட்டால் என்ன செய்வது? ஒன்ராறியோ வேலைவாய்ப்புத் தராதரச் சட்டத்தின் கீழ், ஓர் இடத்தில் இரண்டு வாரமாவது வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 3 நாள் குடும்பப் பொறுப்பு விடுப்பு உண்டு. சம்பளம் கிடையாது, ஆனால் அவசரத்துக்காக அந்த நாளை எடுத்ததற்காக வேலையைப் பறிக்க முடியாது. தொழிற்சாலையிலும் களஞ்சியத்திலும் வேலைசெய்யும் நம்மவர் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பிள்ளையைத் தனியே விடலாமா என்ற கேள்விக்கு மாகாணச் சட்டம் ஒரு வயதைக் குறித்துச் சொல்லவில்லை. 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சூழ்நிலைக்குத் தகுந்த பராமரிப்பு ஏற்பாடு இல்லாமல் விட்டுச் செல்லக் கூடாது என்கிறது. ஆரம்பப் பாடசாலையில் படிக்கும் சின்னப் பிள்ளையைப் புயல் நாளில் தனியே விட்டுப்போவது அந்தச் சோதனையில் தேறாது.

குளிரில் ஏன் வெளியே விடுகிறார்கள்?

'இந்தக் குளிருக்குள் பிள்ளையை வெளியே விடுகிறார்களே' என்பது தாத்தா பாட்டிமாரின் நிரந்தரக் குறை. இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபையில், காற்றோடு சேர்த்துக் கணித்த குளிர் மைனஸ் 20 பாகைக்கு இறங்கும்வரை பிள்ளைகள் வழக்கம்போல வெளியே போவார்கள். மைனஸ் 20க்கும் மைனஸ் 28க்கும் இடையில் வெளியில் நிற்கும் நேரத்தைக் குறைப்பார்கள். அதற்கும் கீழே போனால் இடைவேளை உள்ளேதான். மற்றச் சபைகளின் அளவுகள் சற்று வேறுபடலாம்.

மைனஸ் 28 என்ற எண் எங்கிருந்து வந்தது? வானிலை அறிக்கையில் 'விண்ட் சில்' என்று சொல்வது வெப்பமானி காட்டும் அளவு அல்ல. சூடான தேநீரை ஊதினால் விரைவாக ஆறுவதுபோல, காற்று வீசும்போது திறந்திருக்கும் தோலிலிருந்து சூடு விரைவாகப் போய்விடுகிறது. அந்த வேகத்தை உணரும்படி சொல்வதே விண்ட் சில். கனேடியச் சுற்றாடல் துறையின் கணக்குப்படி, அது மைனஸ் 28 தொடக்கம் மைனஸ் 39 வரை இருக்கும்போது திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும். பாடசாலை இடைவேளை 15 நிமிடம் நீடிப்பது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விதியின் காரணம் விளங்கும். இந்தக் கணக்கு முழுவதும் திறந்த தோலைப் பற்றியது என்பதையும் கவனியுங்கள். காதும் விரலும் மூடியிருக்கும் பிள்ளைக்கு மைனஸ் 10இல் ஓடி விளையாடுவதால் ஆபத்து இல்லை.

குளிரில் நின்றால் தடிமன் வரும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமானது. தடிமனையும் இன்ஃபுளுவன்சாவையும் தருவது வைரசு. யன்னல்கள் பூட்டிய அறையில் பலர் நெருங்கியிருந்து ஒரே காற்றைச் சுவாசிக்கும்போதுதான் அது இலகுவாகத் தொற்றுகிறது. 'என் பிள்ளையை இன்று உள்ளே வைத்திருங்கள்' என்று கேட்டால் பாடசாலைகள் பொதுவாக மறுப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆசிரியர்கள் வெளியே மேற்பார்வையில் நிற்கும்போது உள்ளே தனியாக ஒரு பிள்ளையைப் பார்க்க ஆள் இருக்காது. வெளியே போக முடியாத அளவுக்குச் சுகமில்லாத பிள்ளை அன்று வீட்டில் இருக்க வேண்டும் என்பதே அவர்களின் எதிர்பார்ப்பு.

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் நிலை வேறு. குளிர்ந்த உலர்காற்று மூச்சுத்திணறலைத் தூண்டும். 2015இல் ஒன்ராறியோ நிறைவேற்றிய ரயன் சட்டத்தின்படி, பெற்றோரின் அனுமதியோடு பிள்ளை தன் இன்ஹேலரைத் தன்னுடனே வைத்திருக்கலாம். அலுவலக அலமாரியில் பூட்டி வைக்க வேண்டியதில்லை. உரிய படிவத்தை நிரப்பிக் கொடுப்பது உங்கள் பக்கத்து வேலை.

காய்ச்சல் வந்த பிள்ளை, மருந்து இல்லாமலே காய்ச்சல் விட்டு 24 மணிநேரம் ஆகி, மற்றக் குணங்குறிகளும் குறைந்த பின்னர் திரும்பிப் போகலாம். சத்தியோ வயிற்றோட்டமோ என்றால் அது நின்று 48 மணிநேரம் பொறுக்க வேண்டும். காலையில் காய்ச்சல் மருந்தைப் பருக்கி அனுப்பினால் மதியத்துக்குள் அதன் வேலை முடிந்து அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். அதற்குள் பக்கத்து மேசைப் பிள்ளைக்கும் தொற்றியிருக்கும்.

உடுப்பு: விலையைவிடப் பழக்கம் முக்கியம்

ஒன்ராறியோவில் கிண்டர்கார்ட்டின் வகுப்பொன்றில் சராசரி 26 பிள்ளைகள். அவர்களுக்கு ஓர் ஆசிரியர், ஓர் ஆரம்பப் பிள்ளைப்பருவக் கல்வியாளர். 26 ஜக்கெற், 26 ஸ்னோ பான்ட், 52 பூட்ஸ், 52 கையுறை. ஒரு நாளில் இவற்றைப் பல தடவை போட்டுக் கழற்ற வேண்டும். நாலு வயதுப் பிள்ளை தானாகவே உடுத்தப் பழகியிருந்தால் அதற்கு விளையாட நேரம் கிடைக்கும். இல்லாவிட்டால் வரிசையில் நின்றே இடைவேளை முடிந்துவிடும்.

ஒழுங்கு முக்கியம். முதலில் ஸ்னோ பான்ட், பிறகு பூட்ஸ், பிறகு ஜக்கெற், தொப்பி, கடைசியாகக் கையுறை. கையுறையை முதலில் போட்ட பிள்ளையால் ஸிப்பை இழுக்க முடியாது. ஜக்கெற்றை உள்பக்கம் மேலே தெரியும்படி நிலத்தில் விரித்து, கழுத்துப் பக்கம் பிள்ளையின் காலடியில் இருக்கும்படி வைத்து, இரண்டு கைகளையும் உள்ளே விட்டுத் தலைக்கு மேலால் தூக்கிப் போடும் முறையை ஜே.கே. பிள்ளைகள் இரண்டு மூன்று நாளில் பிடித்துக்கொள்வார்கள். வீட்டில் அம்மம்மா அன்பினால் எல்லாவற்றையும் தானே மாட்டிவிட்டால் இது பழக்கத்துக்கு வராது.

சின்னப் பிள்ளைக்கு விரல் பிரிந்த கையுறையைவிட எல்லா விரலும் ஒன்றாக இருக்கும் மிற்றன் சூடானது, போடுவதும் இலகு. நனைந்துவிட்டால் மாற்ற இன்னொரு சோடி பையில் இருக்கட்டும். உள்ளே போடும் பருத்தி உடுப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக் குளிரூட்டும். கழுத்தில் நீளமான சால்வைக்குப் பதிலாகக் கழுத்துறை போடுங்கள். சறுக்கு மரத்திலோ ஏணியிலோ சால்வை சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். வகுப்புக்குள் போட வேறு சப்பாத்து வேண்டும். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். ஒரே கடையில் வாங்கிய ஒரே நீல ஜக்கெற் ஒரு வகுப்பில் பலரிடம் இருக்கும்.

தடித்த ஜக்கெற்றோடு பிள்ளையைக் கார் இருக்கையில் வைத்துப் பட்டி கட்டக் கூடாது. மோதும் நொடியில் ஜக்கெற்றின் பஞ்சு நசுங்க, இறுக்கமாக இருந்ததாக நாம் நினைத்த பட்டி தளர்ந்துவிடும். பட்டியைக் கட்டிய பிறகு ஜக்கெற்றை மேலால் போர்த்திவிடுங்கள். 8 வயதுக்குக் குறைந்த, 18 முதல் 36 கிலோ எடையுள்ள, 145 செ.மீ.க்கு உயரம் குறைந்த பிள்ளைக்கு ஒன்ராறியோவில் பூஸ்டர் இருக்கை கட்டாயம். 'இரண்டு தெரு தள்ளித்தானே' என்பதற்கு விலக்கு இல்லை. பாடசாலை பஸ் சிவப்பு விளக்குகளை மின்னவிட்டு நிற்கும்போது, நடுவே மேடையால் பிரிக்கப்படாத வீதியில் இரு திசை வாகனங்களும் நிற்க வேண்டும். பின்னால் வருபவர் 20 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். முதல்முறை தவறினாலே 400 முதல் 2,000 டொலர் வரை தண்டமும் 6 குறைப்புப் புள்ளிகளும் உண்டு. வீதியோரப் பனிக்குவியலில் பிள்ளைகள் ஏறவோ குகை தோண்டவோ விடாதீர்கள். பனி அள்ளும் வண்டியில் இருப்பவருக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள்.

'பி' எடுத்த பிள்ளை

ஒன்ராறியோ ஆரம்பப் பாடசாலையில் நவம்பரில் வருவது முன்னேற்ற அறிக்கை. அதில் புள்ளி இருக்காது. முதலாவது முழு ரிப்போர்ட் கார்ட் ஜனவரி 20க்கும் பெப்ரவரி 20க்கும் இடையில் வர வேண்டும் என்பது அமைச்சின் விதி. இரண்டாவது ஜூனில். ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை எழுத்துத் தரம். ஏழாம், எட்டாம் வகுப்புகளில் நூற்றுவீதம். ஜே.கே., எஸ்.கே. (சீனியர் கிண்டர்கார்ட்டின்) பிள்ளைகளுக்குத் தரமே இல்லை. என்ன கற்றார்கள், எப்படி வளர்கிறார்கள் என்ற ஆசிரியரின் குறிப்புகள்தான்.

இலங்கையில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதியும், தமிழ்நாட்டில் வகுப்பில் எத்தனையாவது 'ரேங்க்' என்ற கேள்வியைக் கேட்டும் வளர்ந்த பெற்றோர், 'பி'யைக் கண்டதும் பிள்ளையைப் பார்ப்பார்கள்: எங்கே பிழைத்தது? மாகாணம் நான்கு நிலைகள் வகுத்திருக்கிறது. மூன்றாம் நிலைதான் மாகாணத் தரம். 70 முதல் 79 வரை எனக் கணிக்கப்படும் 'பி' அந்த நிலை. அந்தப் பிள்ளை அடுத்த வகுப்புக்கு நன்றாகத் தயாராக இருக்கிறது என்பதே அதன் பொருள். 'ஏ' தரத்தை மிஞ்சிய நிலை. வகுப்பில் எத்தனையாவது இடம் என்று இந்த அறிக்கை எங்கும் சொல்லாது.

பெற்றோர் பலர் ஒரு பார்வையில் தாண்டிவிடும் பகுதி முதற்பக்கத்தில் இருக்கிறது. பொறுப்பு, ஒழுங்கமைப்பு, தனித்து வேலை செய்தல், சேர்ந்து வேலை செய்தல், தானாக முன்வருதல், தன்னைத் தான் நெறிப்படுத்தல் என்று ஆறு பழக்கங்களுக்கு 'ஈ', 'ஜி', 'எஸ்', 'என்' என்ற எழுத்துகள் கொடுக்கப்பட்டிருக்கும். மிகச் சிறப்பு, நன்று, திருப்தி, மேம்பட வேண்டும் என்பது அவற்றின் பொருள். கணிதத்தில் 'பி பிளஸ்' எடுத்த பிள்ளைக்கு ஒழுங்கமைப்பில் 'என்' இருந்தால், ஆசிரியரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த 'என்' பற்றித்தான். கணிதத்துக்கு ரியூஷன் பிடிப்பதைவிட, வீட்டுப்பாடத்தைப் பையில் வைக்கப் பழக்குவது அந்தப் பிள்ளைக்கு உதவும்.

தடுப்பூசிக் கடிதமும் நமக்கே உரிய சிக்கலும்

குளிர்காலத்தில் பொதுச் சுகாதாரப் பிரிவிடமிருந்து வரும் கடிதம் பல வீடுகளைப் பதறவைக்கிறது: விவரம் தராவிட்டால் பிள்ளை பாடசாலையிலிருந்து இடைநிறுத்தப்படலாம். ஒன்ராறியோவின் பாடசாலை மாணவர் நோய்த்தடுப்புச் சட்டம் 20 பாடசாலை நாட்கள் வரை அப்படி நிறுத்த அதிகாரம் கொடுக்கிறது. அதிபருக்கு இதில் விருப்பு வெறுப்பு இல்லை; உத்தரவு வந்தால் அவர் நிறைவேற்ற வேண்டும். தொண்டைக்கரப்பான், ஏற்புவலி, போலியோ, கக்குவான், சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா, மெனிஞ்சோகொக்கல் ஆகியவற்றுக்கான ஊசிகளும், 2010இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குக் கொப்புளிப்பான் ஊசியும் பட்டியலில் உள்ளன. மருத்துவ விலக்குக்கும் மனச்சாட்சி விலக்குக்கும் தனித்தனி நடைமுறை உண்டு.

இதில் பெரும்பாலானோர் பிழையாக நினைப்பது ஒன்று: 'டொக்டர் ஊசி போட்டார், அவரே அனுப்பியிருப்பார்.' குடும்ப மருத்துவர் போட்ட ஊசி தானாகப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்குப் போவதில்லை. மஞ்சள் தடுப்பூசி அட்டையில் இருப்பதைப் பெற்றோரே இணையத்தின் மூலமோ தொலைபேசியிலோ பதிய வேண்டும். ஊசி போட்டிருந்தும் கடிதம் வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நாலு முதல் ஆறு வயதுக்குள் போடவேண்டிய ஊசிகள் தவறிப்போவதும் இன்னொரு காரணம்.

ஊரிலிருந்து வந்த குடும்பங்களுக்கு வேறொரு சிக்கலும் இருக்கிறது. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசியை இலங்கையில் 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுகிறார்கள். இந்தியாவிலும் சின்னமுத்து ஊசியின் முதல் தவணை 9 மாதத்தில் தொடங்குகிறது. ஒன்ராறியோ கணக்கில் எடுப்பது முதலாவது பிறந்தநாளுக்குப் பிறகு போட்ட இரண்டு தவணைகளைத்தான். ஆகவே ஊரில் அட்டவணைப்படி சரியாகப் போட்ட பிள்ளைக்கும் இங்கே ஒன்று குறையும். கொப்புளிப்பான் ஊசியும் மெனிஞ்சோகொக்கல் ஊசியும் இலங்கை, இந்திய அரசுகளின் வழக்கமான இலவச அட்டவணையில் இல்லை. 'எல்லாம் போட்டாயிற்று' என்று தாய் சொல்வதும் உண்மை, 'குறைகிறது' என்று கடிதம் சொல்வதும் உண்மை. ஊர் அட்டையை எறியாமல் குடும்ப மருத்துவரிடமோ சுகாதாரப் பிரிவிடமோ காட்டினால், விடுபட்டதை மட்டும் போடுவார்கள். செலவில்லை.

இதை ஒத்திப்போட முடியாததற்குக் காரணம் அண்மைக்கால அனுபவம். 2024 இலையுதிர்காலத்தில் தொடங்கிய சின்னமுத்துப் பரவலில் ஒன்ராறியோவில் மட்டும் 2,300க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள். 1998 முதல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்றிருந்த கனடா, 2025 நவம்பரில் அந்த நிலையை இழந்தது.

பதிவும் பயணமும்

ஓர் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 4 வயதாகும் பிள்ளை அந்த ஆண்டு செப்டம்பரில் ஜே.கே. போகலாம், 5 வயதாகும் பிள்ளை எஸ்.கே. போகலாம். அதற்கான பதிவு குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். சட்டப்படி கட்டாயம் 6 வயதில்தான். ஆனாலும் செப்டம்பர் வரை காத்திருந்தால் பக்கத்துப் பாடசாலைக்கு ஆசிரியர் ஒதுக்கும் கணக்கில் உங்கள் பிள்ளை இருக்காது. பாடங்களைப் பிரெஞ்சில் கற்பிக்கும் பிரெஞ்ச் இமேர்ஷன் ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபையில் எஸ்.கே.யிலும், யோர்க் பிராந்தியக் கல்விச்சபையில் முதலாம் வகுப்பிலும் தொடங்குகிறது. அதற்கான திகதிகள் தனி. அகதிக் கோரிக்கை முடிவாகாத குடும்பங்கள் தயங்க வேண்டாம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ குடிவரவு அந்தஸ்து இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று ஒன்ராறியோ கல்விச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

குளிர்கால விடுமுறையோடு சேர்த்து யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போகிறவர்கள், கலியாணம் முடிந்து தைப்பொங்கலும் கண்டு வரலாம் என்று நாட்களை நீட்டுவது வழமை. ஆதாரமில்லாமல் தொடர்ந்து 15 பாடசாலை நாட்கள் வராத பிள்ளையின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படலாம். திரும்பி வந்ததும் மறுபடி பதிய வேண்டியிருக்கும். ரிக்கெற் எடுக்குமுன் எழுத்தில் அறிவித்து, திரும்பும் திகதியையும் குறிப்பிடுங்கள். பொங்கலன்று மட்டும் வீட்டில் நிறுத்துவதாக இருந்தாலும் அப்படியே. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்ராறியோ 2014இலும் கனேடிய நாடாளுமன்றம் 2016இலும் ஏற்றிருப்பதால், பொங்கலைப் பற்றி ஆசிரியருக்கு விளக்கம் சொல்ல வேண்டிய தேவை முன்னையைவிடக் குறைவு. நாட்காட்டியில் இன்னும் இரண்டு: பெப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை குடும்ப தின விடுமுறை; ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வரும் பி.ஏ. டே ஆசிரியருக்கு வேலைநாள், பிள்ளைக்கு இல்லை. அந்த நாட்களை இப்போதே குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

பாடசாலை சொல்லாமல் விட்டது என்று நாம் கோபிக்கும் விஷயங்களில் பெரும்பாலானவை சொல்லப்பட்டவைதான். உரிய ஆளிடம், உரிய மொழியில் வந்து சேரவில்லை. அதைச் சரிசெய்வது நம் கையிலும் இருக்கிறது. அவசரத் தொடர்புப் பட்டியலில் அம்மம்மாவின் தொலைபேசி எண் உண்டா, பிள்ளையைக் கூட்டிவர அனுமதி பெற்றவர்களில் அவர் பெயர் உண்டா என்று இந்த வாரமே பாருங்கள். பஸ் ரத்தானால் யார் கொண்டுபோய் விடுவது, யார் கூட்டிவருவது என்று வீட்டில் இப்போதே பேசி முடிவெடுங்கள். தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துப் பதியுங்கள். விளங்காத கடிதம் வந்தால் அலுவலகத்துக்கு அழைத்துக் கேளுங்கள். ஆசிரியரைச் சந்திக்கத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டிச் சொன்னால் பெரிய கல்விச்சபைகள் ஏற்பாடு செய்து தருகின்றன. அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. அந்தச் சேவை உங்கள் வரிப்பணத்தில்தான் நடக்கிறது.